கதவைச் சாத்துவது கள்ளமல்ல

பெயர், வயது, முகவரி, அடையாள அட்டை இலக்கம், குடும்பத் தலைவர் யார், அவர் இப்போது எங்கே? இந்தக் கேள்விகளுக்கு எமது பெண்கள் எத்தனை தடவை பதில் சொல்லியிருப்பார்கள் என்று எண்ணத் தொடங்கினால் கணக்குத் தப்பிவிடும். நிவாரண அட்டைக்குச் சொன்னோம். செட்டிகுளம் முகாமில் சொன்னோம். ஊருக்குத் திரும்பி வந்து வீட்டுத் திட்டத்திற்குச் சொன்னோம். வாழ்வாதார உதவி என்று வந்தவர்களுக்கும் சொன்னோம். அவர்கள் கோழிக் கூட்டுக்கு முன்னால் நிற்க வைத்துப் படமும் எடுத்துக்கொண்டு போனார்கள். அந்தப் படம் எந்த அறிக்கையில் அச்சானது, யார் யார் பார்த்தார்கள் என்பது எம்மில் பலருக்கு இன்றுவரை தெரியாது.

கேட்டவுடன் சொல்லிப் பழகிய எமக்கு, "இது என்னுடையது, இதைச் சொல்ல விருப்பமில்லை" என்று சொல்வது கடினமாக இருக்கிறது. கைத்தொலைபேசி வீட்டுக்கு வீடு வந்தபின் மனிதர் மட்டுமன்றி இயந்திரமும் இந்தக் கேள்விகளைக் கேட்கிறது. நாமும் "சம்மதம்" என்ற பொத்தானை வாசிக்காமலே அழுத்திவிடுகிறோம்.

நான் கணினியில் தட்டச்சு வேலை செய்து பிழைப்பவள். இரவில் ஒரு மணித்தியாலம் அதே கணினியில் விளையாடுபவள். எனது கணினியையும் தொலைபேசியையும் வேறு எவரும் நினைத்தபடி திறக்க முடியாமல் வைத்திருப்பவள். இந்த மூன்றுக்காகவும் அயலில் எனக்குப் பேச்சு விழுந்ததுண்டு. ஆகவே நான் ஏன் இப்படி இருக்கிறேன் என்பதைச் சகோதரிகளுக்கு எழுதவேண்டும் என்று நினைத்தேன்.

மற்றவர்களின் கடிதங்கள்

எனது வீடு கிளிநொச்சி மாவட்டத்தில் இருக்கிறது. 2009இன் பின் கணவரைப் பற்றிய தகவல் எதுவும் இல்லை. பிள்ளைகள் இருவர். மீள்குடியேறிய பின்னர் 2011இல் ஆறு மாதப் பயிற்சி ஒன்றில் தட்டச்சுப் பழகினேன். அப்போது பாமினி எழுத்துரு. பிறகு யுனிகோட் முறைக்கு மாறினேன். பாடசாலை வினாத்தாள், பூப்புனித நீராட்டு விழா அழைப்பிதழ், சங்கங்களின் கூட்ட அறிக்கை என்று வேலை வரும்.

இவற்றோடு கடிதங்களும் வரும். மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு, காணாமல்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்திற்கு, பிரதேச செயலாளருக்கு என்று எழுதுவிக்க வருவார்கள். என் மேசைக்கு முன்னால் இருந்து ஒரு தாய் சொல்லுவார், நான் தட்டுவேன். எந்தத் திகதியில், எந்த இடத்தில், யாருடைய கையில் மகனைக் கொடுத்தேன் என்று சொல்லும்போது அவரின் குரல் அடைக்கும். சிலர் கணவனின் அடி உதை பற்றியும் எழுதுவிப்பார்கள். வைத்தியர் நோயாளியின் கதையை வெளியில் சொல்லக்கூடாது என்று ஒழுங்கு இருக்கிறது. தட்டச்சுக்காரிக்கு அப்படி ஒரு சட்டம் இல்லாவிட்டாலும் மனச்சாட்சி இருக்கிறது. கணினியைப் பூட்டப் பழகியதற்கு முதற் காரணம் இந்தக் கடிதங்கள்தான்.

என்னிடம் இருப்பது பழைய மடிக்கணினி. நினைவகம் 4 ஜீபி. விண்டோஸ் 10இற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதி முடிவுக்கு வந்தது. அதற்கு அடுத்த விண்டோஸ் 11 பல பழைய கணினிகளை ஏற்காது. நான் அதற்கு முன்னரே லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்திற்கு மாறியிருந்தேன். இதற்குக் காசு இல்லை. மின்னஞ்சல் முகவரியோ கணக்கோ கேட்பதில்லை. 4 ஜீபி நினைவகத்தில் எனது வேலைகளுக்கு இது போதும்.

அதை நிறுவும்போது வன்தட்டு முழுவதையும் மறையாக்கம் செய்யலாமா என்று ஒரு தெரிவு வரும். நான் ஆம் என்று கொடுத்தேன். சாதாரண கடவுச்சொல் வாசற்கதவின் பூட்டுப் போன்றது. கணினியைக் களவெடுப்பவன் வன்தட்டைக் கழற்றி வேறு கணினியில் பூட்டினால் உள்ளே உள்ளதை வாசித்துவிடலாம். மறையாக்கம் செய்தால் உள்ளே இருக்கும் ஒவ்வொரு எழுத்தும் குலைத்து எழுதப்பட்டிருக்கும். சரியான சொல்லைக் கொடுக்காமல் எதுவும் விளங்காது. ஆனால் அந்தச் சொல்லை மறந்தால் எந்தக் கடைக்காரராலும் மீட்டுத்தர முடியாது. இதை நன்றாக யோசித்துத்தான் செய்யவேண்டும்.

இன்னொன்றையும் இங்கே சொல்லவேண்டும். கணினியில் ஒரு கோப்பை அழித்தவுடன் அது இல்லாமல் போவதில்லை. வாசிகசாலையில் புத்தகத்தின் பெயரைப் பட்டியலில் வெட்டிவிட்டு, புத்தகத்தை அலுமாரியிலேயே விட்டால் எப்படியோ, அப்படித்தான் அநேகமாக நடக்கிறது. அந்த இடத்தில் வேறொன்று எழுதப்படும் வரைக்கும், தெரிந்தவர்கள் அதைத் தேடி எடுக்கலாம். பென் டிரைவிலும் இதே கதைதான். ஆகவே பழைய தொலைபேசியையோ பென் டிரைவையோ விற்பதற்கு முன்னர் இரண்டு தடவை யோசியுங்கள்.

நான்கு சொற்கள்

நான்கு இலக்கம் கொண்ட பூட்டுக்கு மொத்தம் 10,000 சேர்க்கைகள்தான் உண்டு. ஆறு இலக்கமானால் அது பத்து இலட்சமாகிறது. எம்மவர்கள் பெரும்பாலும் பிறந்த ஆண்டையோ பிள்ளையின் பெயரையோ போடுகிறார்கள். அதைக் கண்டுபிடிக்கப் பத்து இலட்சம் தடவை முயலவேண்டியதில்லை. உங்களைத் தெரிந்தவர் ஐந்தாறு தடவையில் திறந்துவிடுவார். பெண்களின் தொலைபேசியைத் திறக்க முயல்பவர்களும் பெரும்பாலும் தெரிந்தவர்களே.

நான் செய்வது இதுதான். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கு ஐந்து சொற்களைக் கண்ணை மூடிக்கொண்டு புத்தகத்தில் விரல் வைத்து எடுத்து, ஆங்கில எழுத்தில் வரிசையாக எழுதிக்கொள்வேன். உதாரணமாக, உலக்கை, தபால், மழை, வெண்டி, ஏணி. (இதை அப்படியே நீங்கள் வைத்துக்கொள்ள வேண்டாம்!) ஒரு கிழமை சொல்லிச் சொல்லித் தட்டினால் மனதில் பதிந்துவிடும். மற்றக் கணக்குகளுக்கான கடவுச்சொற்களை கீபாஸ் எக்ஸ்.சி என்ற இலவச மென்பொருளில் பூட்டி வைத்திருக்கிறேன். அது இணையத்திற்கு எதையும் அனுப்பாமல் என் கணினியிலேயே இருக்கிறது.

போட்டோக்கொப்பிக் கடையும் டோர்ச் லைட்டும்

எமது ஊர்களில் அடையாள அட்டைப் பிரதி எடுக்கவேண்டும் என்றால் கொமினிகேசன் கடைக்காரரின் வட்ஸ்அப் இலக்கத்திற்குப் படத்தை அனுப்புகிறோம். பிரதி எங்கள் கைக்கு வந்துவிடும். படம் அவருடைய தொலைபேசியில் தங்கிவிடும். அதோடு எமது இலக்கமும் முகப்படமும் அவரிடம் சேர்கின்றன. கடைக்காரர் நல்லவராக இருக்கலாம். ஆனால் அந்தக் கணினியில் நாளைக்கு யார் இருப்பார் என்று தெரியாது. நான் பென் டிரைவில் கொண்டுபோய், பக்கத்தில் நின்று பிரதி எடுத்துக்கொண்டு வருவேன். அனுப்பித்தான் ஆகவேண்டும் என்றால் முன்னாலேயே அழிக்கச் சொல்லிக் கேட்பேன். யாரும் இதுவரை கோபித்ததில்லை.

செயலிகள் விடயத்தில் இன்னும் கவனம் வேண்டும். அமெரிக்காவில் 2013ஆம் ஆண்டு ஒரு டோர்ச் லைட் செயலியின் மீது அந்நாட்டு வர்த்தக ஆணைக்குழு நடவடிக்கை எடுத்தது. வெளிச்சம் மட்டும் தரவேண்டிய அந்தச் செயலி, பாவிப்பவர் நிற்கும் இடத்தை விளம்பர நிறுவனங்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. உடனடிக் கடன் தரும் செயலிகளின் கதை இதைவிட மோசம். தொலைபேசியில் உள்ள அத்தனை பெயர்களையும் இலக்கங்களையும் எடுத்துக்கொண்டு, தவணை பிந்தினால் உறவினருக்கும் அயலாருக்கும் செய்தி அனுப்பி மானத்தை வாங்குவார்கள். 2023 மே 31 முதல் தனிநபர் கடன் செயலிகள் தொடர்புப் பட்டியலையும் படங்களையும் எடுக்கக்கூடாது என்று கூகுள் தனது பிளே ஸ்டோரில் விதி போட்டது. எனினும் பிளே ஸ்டோருக்கு வெளியே இணைப்பு அனுப்பிச் செயலியை ஏற்றச் சொல்பவர்களுக்கு அந்த விதி எட்டாது. நுண்கடனில் எமது பெண்கள் பட்டது போதும். கடன் வாங்குவது உங்கள் முடிவு. ஆனால் தொடர்புப் பட்டியலைக் கேட்கும் கடனை வாங்காதீர்கள். அதில் இருப்பவை மற்றவர்களின் இலக்கங்கள்.

"என்னத்தைப் பூட்டி வைச்சிருக்கிறாய்?"

இந்தக் கேள்வியைக் கேட்டவர் என் மாமியார். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. கணவன் இல்லாத பெண்ணின் தொலைபேசியில் பூட்டு இருந்தால் ஊர் என்ன சொல்லும் என்ற பயம் அவருக்கு.

"பூட்டி வைக்கிற அளவுக்கு உன்ர போனுக்குள்ள என்ன கிடக்குது பிள்ளை?" என்றார்.

"மாமி, முகாமில நீங்களும் நானும் குளிக்கேக்க ஆளுக்காள் சேலையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டது ஞாபகம் இருக்கோ?"

"அது வேற விசயமெல்லோ."

"வேற இல்லை மாமி. அண்டைக்கு என்னத்தை மறைக்கிறியள் எண்டு ஒருத்தரும் எங்களைக் கேக்கேல்லை."

அவர் பதில் சொல்லவில்லை. அடுத்த மாதம் தன் தொலைபேசிக்கும் ஒரு பூட்டுப் போட்டுத் தரும்படி கேட்டார். சீட்டுக் கணக்கு அதற்குள் இருக்கிறதாம்.

சகோதரிகளே, மானத்தை மறைப்பதும் குற்றத்தை மறைப்பதும் ஒன்றல்ல. முகாமில் கூடாரத்தின் ஒரு மூலையை மறைத்து எமது பிள்ளைகளை உடை மாற்ற வைத்தோம். கடவுச்சொல்லும் அந்தச் சேலை மறைப்புப் போன்றதுதான். மறைப்புக்குள் தப்பு நடக்கிறது என்று சந்தேகப்படுகிறவர்கள், மறைப்பே இல்லாமல் எமது பெண்கள் பட்ட துன்பத்தை நினைத்துப் பார்க்கவேண்டும்.

ஒரு தங்கச்சிக்கு வந்த மிரட்டல்

சென்ற வருடம் தெரிந்த ஒரு பிள்ளை என்னிடம் வந்தாள். வயது இருபத்திரண்டு. அவளின் சம்மதத்துடன், பெயரும் ஊரும் சொல்லாமல் எழுதுகிறேன். தொலைபேசியின் கண்ணாடி உடைந்து திருத்தக் கொடுத்திருக்கிறாள். திருத்துபவர் கேட்டபடி பூட்டின் இலக்கத்தையும் எழுதிக் கொடுத்திருக்கிறாள். இரண்டு கிழமை கழித்துத் தெரியாத இலக்கத்திலிருந்து அவளுடைய சொந்தப் படங்கள் வந்தன. பணம் தராவிட்டால் முகநூலில் போடுவேன் என்று மிரட்டல்.

"அக்கா, அம்மாக்குத் தெரிஞ்சால் நான் உயிரோட இருக்கேலாது" என்று அழுதாள். அன்று அவளைத் தனியே வீட்டுக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. இரவு என்னுடனேயே வைத்திருந்தேன். காலையில் இருவருமாக யோசித்து, ஒவ்வொன்றாகச் செய்தோம்.

முதலாவது, பணம் கொடுக்கவில்லை. கொடுத்தால் மறுபடி கேட்பார்கள். இரண்டாவது, கோபத்தில் செய்திகளை அழிக்கவில்லை. இலக்கமும் திகதியும் நேரமும் தெரியும்படி திரையைப் படம் பிடித்து, ஒரு பிரதியை வேறிடத்தில் வைத்தோம். மூன்றாவது, ஸ்டொப் என்.சி.ஐ.ஐ என்ற சேவையைப் பாவித்தோம். 2021 டிசெம்பரில் தொடங்கிய இலவச சேவை இது. நாம் தெரிவு செய்யும் படத்திலிருந்து எமது தொலைபேசியே கைரேகை போன்ற ஒரு எழுத்து வரிசையைக் கணித்து, அந்த வரிசையை மட்டும் அனுப்பும். படம் எமது கையை விட்டுப் போவதில்லை. முகநூல், இன்ஸ்டகிராம், டிக்டொக் போன்ற சேர்ந்துள்ள தளங்களில் அதே படத்தை எவரும் ஏற்ற முயன்றால் இந்த வரிசையை வைத்துக் கண்டுபிடித்துத் தடுக்கலாம். வட்ஸ்அப்பில் ஆளுக்கு ஆள் அனுப்புவதை இது தடுக்காது. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு டேக் இற் டவுன் என்று இதே போன்ற வேறு சேவை இருக்கிறது.

நான்காவதுதான் கடினமாக இருந்தது. தாயாரிடம் சொன்னோம். அவர் முதலில் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு எழும்பிச் சேலையை மாற்றிக்கொண்டு, "வா, பொலிசுக்குப் போவம்" என்றார். மூவருமாகப் போய்ச் சிறுவர், பெண்கள் பிரிவில் முறைப்பாடு கொடுத்தோம். தமிழில் எழுதித் தரும்படி கேட்டு, வாசித்துப் பார்த்த பின்னரே அவள் கையொப்பம் வைத்தாள். அனுமதியின்றி இன்னொருவரின் கணினிக்குள் நுழைவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின்படி குற்றமாகும். மிரட்டிப் பணம் கேட்பதும் குற்றமே. குற்றம் செய்தவர் அந்தப் பிள்ளை அல்ல என்பதை எழுத்தில் பார்த்தபோதுதான் அவளுடைய முகம் தெளிந்தது.

விசாரணை இன்னும் முடியவில்லை. மிரட்டல் நின்றுவிட்டது. அவள் வேலைக்குப் போய்வருகிறாள். இப்போது நான் எல்லோருக்கும் சொல்வது, திருத்தக் கொடுப்பதற்கு முன் படங்களையும் கடிதங்களையும் வேறிடத்தில் எடுத்து வைத்துவிட்டு, தொலைபேசியை வெறுமையாக்கிக் கொடுங்கள். கண்ணாடி மாற்றப் பூட்டு இலக்கம் எதற்கு என்று கேளுங்கள். முடிந்தால் பக்கத்தில் இருந்து திருத்துவித்து வாருங்கள்.

இரவு ஒன்பது மணிக்குப் பிறகு

இனி விளையாட்டைப் பற்றிச் சொல்கிறேன். "இந்த வயதில கேம் விளையாடுறாவாம்" என்று சிரிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆண்கள் சந்தியில் கரம் அடித்தால் பொழுதுபோக்கு. பெண் விளையாடினால் மட்டும் வீட்டு வேலை இல்லாதவள் என்று பேச்சு.

நான் விளையாடுவது ஸ்டார்டியூ வாலி என்ற தோட்டம் செய்யும் விளையாட்டு. எரிக் பரோன் என்ற ஒருவர் நான்கு வருடங்களுக்கு மேல் தனியே இருந்து செய்து, 2016 பெப்ரவரியில் வெளியிட்டார். கனடாவில் இருக்கும் என் தங்கை பிறந்தநாளுக்கு வாங்கித் தந்தாள். பூட்டு எதுவும் இல்லாமல் விற்கும் கடையில் வாங்கியதால் கோப்பு என்னிடமே இருக்கிறது. ஒரு தடவை நிறுவிவிட்டால் இணையம் தேவையில்லை. டேற்றாச் செலவும் இல்லை. நான் எத்தனை மணிக்கு விளையாடினேன் என்று எவருக்கும் அறிக்கை போகாது.

கதை இதுதான். இறந்துபோன பேரனார் விட்டுச்சென்ற காணிக்கு நாம் போகிறோம். காணி முழுக்கக் கல்லும் மரமும் பற்றையும். கையில் 500 காசு. ஊர்த் தலைவர் 15 பார்ஸ்னிப் விதை தருவார். அது கரட் போன்ற ஒரு கிழங்கு. நட்டுத் தண்ணீர் ஊற்றினால் நான்கு நாளில் கிண்டலாம். ஒரு பருவத்துக்கு 28 நாள். காகம் வரும், வெருளி வைக்கவேண்டும். வன்னியில் தோட்டம் செய்த எனக்கு யானையும் பன்றியும் இல்லாத இந்தத் தோட்டம் வலு சுகம்.

அந்த விளையாட்டில் மண்ணில் புழுப் போல ஏதோ அசையும் இடத்தைக் கொத்தினால் பழைய பொருள் எதுவும் கிடைக்கும். முதல் நாள் அந்த இடத்தில் மண்வெட்டியைப் போடும்போது என் கை ஒரு கணம் நின்றது. எமது காணியில் கண்ணிவெடி அகற்றும் வரைக்கும், மண்ணில் புதிதாக ஏதும் தெரிந்தால் எட்டி நிற்கத்தான் பழகியிருந்தோம். பயமில்லாமல் நிலத்தைக் கொத்தும் ஒரு மணித்தியாலம் எனக்கு ஒரு நாளில் கிடைக்கிறது. அங்கே காணி உறுதி கேட்பவரும் இல்லை, குடும்பத் தலைவர் யார் என்று கேட்பவரும் இல்லை. இரவில் தூக்கம் வராமல் கிடந்த எனக்கு இது பெரிய ஆறுதல்.

மகன் உயர்தரம் படிக்கிறான். அவனுக்குத் தொலைபேசியில் மற்றவர்களோடு சேர்ந்து சுடும் விளையாட்டில்தான் விருப்பம். நான் தடுக்கவில்லை. மூன்று ஒழுங்குகள் வைத்திருக்கிறோம். சொந்தப் பெயரும் பாடசாலையும் ஊரும் சொல்லக்கூடாது. காசு கட்டும் அட்டையை விளையாட்டில் பதியக்கூடாது. தெரியாதவர் பரிசு தருகிறேன் என்று குறியீட்டு இலக்கம் கேட்டால் கொடுக்கக்கூடாது. மகள் விளையாடும்போது குரல் வழி பேசுவதில்லை. பெண் குரல் கேட்டவுடன் சிலருடைய பேச்சு மாறிவிடும் என்பது அவளுடைய அனுபவம். இது அவள் வெட்கப்படவேண்டிய விடயம் அல்ல.

உறைக்குள் ஒரு தாள்

இவ்வளவும் வாசித்தவர்கள், "நாளைக்கு உங்களுக்கு ஏதும் நடந்தால் பிள்ளைகள் என்ன செய்வார்கள்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒரு நாளில் ஆளும் போய், ஆவணமும் போய், எதையும் நிரூபிக்க முடியாமல் கச்சேரி கச்சேரியாக அலைந்தவர்கள் நாங்கள். ஆகவே எனது கணினியின் சொற்களை ஒரு தாளில் எழுதி, உறையில் ஒட்டி, மேலே கையொப்பம் வைத்து, நம்பிக்கையான ஒருத்தியிடம் கொடுத்திருக்கிறேன். பிறப்பத்தாட்சி, காணி ஆவணம், கணவரைப் பற்றிய முறைப்பாட்டு இலக்கம் எல்லாவற்றின் பிரதியும் மறையாக்கம் செய்த பென் டிரைவில் வேறு வீட்டில் இருக்கிறது. யாரை நம்புவது என்பதை நானே தீர்மானித்தேன். அந்தத் தீர்மானம் எமது கையில் இருக்கவேண்டும் என்பதே நான் சொல்ல வந்தது.

இந்தக் கிழமையே செய்யக்கூடியவை

எல்லோரிடமும் கணினி இல்லை. தொலைபேசி மட்டும் இருப்பவர்களும் இவற்றைச் செய்யலாம்.

பூட்டை ஆறு இலக்கமாக மாற்றுங்கள். பிறந்த திகதி வேண்டாம்.

வட்ஸ்அப்பில் "இணைக்கப்பட்ட சாதனங்கள்" என்ற இடத்தைத் திறந்து பாருங்கள். உங்களுக்குத் தெரியாத கணினி அங்கே இருந்தால் உடனே வெளியேற்றுங்கள். வேறு ஒருவர் உங்கள் செய்திகளை வாசித்துக்கொண்டிருக்கலாம்.

முகப்படத்தையும் கடைசியாக வந்த நேரத்தையும் தெரிந்தவர்கள் மட்டும் பார்க்கும்படி வையுங்கள். இரட்டைச் சரிபார்ப்பு இலக்கத்தைப் போடுங்கள். குறுஞ்செய்தியில் வரும் ஆறு இலக்கக் குறியீட்டை யார் கேட்டாலும், அது சொந்தத் தம்பியின் இலக்கத்திலிருந்து வந்தாலும், கொடுக்காதீர்கள். முதலில் அவரை அழைத்துப் பேசுங்கள்.

பாவிக்காத செயலிகளை அழித்துவிடுங்கள். மீதமுள்ளவை தொடர்புப் பட்டியலையும் இருப்பிடத்தையும் எடுக்கின்றனவா என்று பாருங்கள்.

படிவம் நிரப்பும்போது, "இது எதற்கு? யார் பார்ப்பார்கள்?" என்று கேளுங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், எமது விபரங்களை எடுப்பவருக்குக் கடமைகள் உண்டு என்று சொல்கிறது. படம் எடுக்க வருபவரிடம் வேண்டாம் என்று சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு.

பெண்களுக்கு ஆபத்து என்றால் 1938 என்ற இலக்கத்தையும், சிறுவர்களுக்கு என்றால் 1929 என்ற இலக்கத்தையும் அழைக்கலாம். தனியாக அழைக்கப் பயமாக இருந்தால் பக்கத்தில் ஒருத்தியை வைத்துக்கொண்டு அழையுங்கள்.

உங்கள் வீட்டில் வளரும் பெண் பிள்ளை தொலைபேசியைப் பூட்டினால் கோபிக்காதீர்கள். பூட்டப் பழகிய பிள்ளைக்கு, ஆபத்து வந்தால் யாரிடம் திறந்து காட்டுவது என்பதையும் சொல்லிக் கொடுங்கள். அந்த ஆள் நீங்களாக இருக்கும்படி நடந்துகொள்ளுங்கள்.